நாரி நோவுக்குக் கரண்ட் பிடித்தால் போதுமா? வன்னியின் பிசியோக்களுக்கு வேண்டிய பயிற்சி பற்றி

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட நாரி நோவுக்கு, அதாவது கீழ்முதுகு நோவுக்கு, முதன்முதலாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குறிப்பான காரணம் ஒன்று பிடிபடாமல் மாதக்கணக்கில் நீடிக்கிற நோ பற்றியது அது. எதைச் செய்யலாம் என்ற பகுதியைவிட, வழமையாகச் செய்யவேண்டாம் என்று சொன்ன பகுதிதான் நமது பக்கத்து ஆட்களைத் திடுக்கிடவைக்கும். இடுப்புப் பெல்ட் வேண்டாம், முதுகை இழுத்துவிடுகிற இழுவை வேண்டாம், அல்ட்ராசவுண்ட் சிகிச்சை வேண்டாம், டென்ஸ் என்ற மின்தூண்டலும் வேண்டாம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒருவர் "பிசியோவிட்டப் போய்க் கரண்ட் பிடிச்சிட்டு வாறன்" என்று சொல்லும்போது மனதில் வைத்திருக்கிற சிகிச்சையில் முக்கால்வாசி இந்தப் பட்டியலில் போய்விட்டது. செய்யலாம் என்ற பக்கத்தில் இருப்பவை நோயாளிக்கு விளக்கம் கொடுப்பது, உடற்பயிற்சி, கையால் செய்யும் சில சிகிச்சைகள், உளவியல் சிகிச்சை, அழற்சியைக் குறைக்கும் மாத்திரை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் உடல், மனம், வாழ்க்கைச் சூழல் மூன்றையும் ஒன்றாகப் பார்த்துச் சிகிச்சை கொடுங்கள் என்கிறது.

சொல்ல லேசு. யார் செய்வது? இலங்கையின் வடக்கே வன்னியில் நாட்பட்ட நோவோடு வருகிறவரை அதிக நேரம் தொட்டும் பேசியும் பார்க்கிற ஆள் பெரும்பாலும் பிசியோதான். ஓபிடி என்ற வெளிநோயாளர் பிரிவில் வைத்தியருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பிசியோ அறையில் கால் மணியாவது கிடைக்கும். அந்தக் கால் மணியை மெஷினுக்குக் கொடுப்பதா, ஆளுக்குக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. ஆளுக்குக் கொடுக்கவேண்டுமென்றால் அதற்கொரு பயிற்சி வேண்டும், அந்தப் பயிற்சி நாம் வழக்கமாக நடத்துகிற மாதிரியான பயிற்சியாக இருக்கமுடியாது.

உடல், மனம், சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கிற இந்த எண்ணம் எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். 1965 இல் மெல்சாக், வோல் என்ற இருவர், நோ என்பது காயம்பட்ட இடத்திலிருந்து மூளைக்கு அப்படியே போய்ச் சேருகிற செய்தி இல்லை, வழியில் முதுகுநாணிலேயே அது கூடவும் குறையவும் செய்யும் என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். 1977 இல் அமெரிக்க வைத்தியர் ஜோர்ஜ் ஏங்கல், நோயை வெறும் உடல் பழுதாகப் பார்க்கிற மருத்துவம் போதாது, உளமும் சமூகமும் அதற்குள் வரவேண்டும் என்று எழுதினார். பத்து வருடம் கழித்து, 1987 இல், கோர்டன் வாடெல் என்ற ஸ்கொட்லாந்து எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணர் அதை நாரி நோவுக்குக் கொண்டுவந்தார். கத்தி பிடிக்கிற ஆளே கத்தியால் தீராது என்று சொன்னதால் ஆட்கள் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஸ்கேன்கள் பெருகப் பெருக அவர் சொன்னது உறுதியானது. 2015 இல், முதுகில் எந்த நோவும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரரில் 37 வீதமானோருக்கும் 80 வயதுக்காரரில் 96 வீதமானோருக்கும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கில் தேய்வு இருந்தது. டிஸ்க் பிதுங்கல் 20 வயதில் 30 வீதம், 80 வயதில் 84 வீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் ஒருவருக்கும் நோ இல்லை. அப்படியிருக்க, எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து "எலும்பு தேஞ்சுபோச்சு" என்று சொல்வது நரை விழுந்ததைக் காட்டித் தலையிடிக்குக் காரணம் சொல்வதில்தான் போய் முடியும். சொன்ன வைத்தியர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார், கேட்டவருக்கு அந்த வார்த்தை வருடக்கணக்கில் கிடக்கும். நியூசிலாந்தில் 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதையே சொல்கிறது: முதுகு பலவீனமானது, பாதுகாக்கவேண்டியது என்று சிகிச்சை தருபவர் சொன்ன சொல் நோயாளியின் மனதில் நெடுங்காலம் நின்று அவர் குனிவதையும் தூக்குவதையும் தீர்மானிக்கிறது.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது திரும்பத் திரும்ப வருகிற நோவைத்தான் நாட்பட்ட நோ என்கிறார்கள். அதற்குள் சாதாரணமான ஒரு சுளுக்கோ பிடிப்போ ஆறியிருக்கும், ஆனால் நரம்புத் தொகுதி ஆறியதாக நடந்துகொள்ளாது. கள்ளன் வந்துபோன வீட்டு நாய் காவோலை விழுந்தாலும் குரைக்கிற மாதிரி. நித்திரை இல்லாதது, கடன் நெருக்கடி, பயம், துக்கம், வேலை போய்விடுமோ என்ற யோசனை எல்லாம் அந்தக் குரைப்பைக் கூட்டும். பயத்தால் அசையாமல் இருந்தால் தசை பலமிழக்கும், பலமிழந்தால் சின்ன வேலைக்கும் நோகும், நொந்தால் பயம் கூடும். இதற்குப் பயம்-தவிர்ப்பு மாதிரி என்று பெயர், விளயன், லிண்டன் என்ற இருவர் பிரபலமாக்கியது.

இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்த ஒருவர், "அப்ப இது மனசில இருக்கிற நோதான்" என்று நோயாளியிடம் சொல்லிவிடுவார். வன்னியில் இது இன்னும் மோசமாகப் போகும். ஏனென்றால் இங்கே யாரைப் பார்த்தாலும் யுத்தம் ஒரு காரணமாகக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2009 இல் யுத்தம் முடிந்த முள்ளிவாய்க்காலால் வந்தவர், பிள்ளையைத் தொலைத்தவர், மெனிக் பாம் அகதி முகாமில் தறப்பாளுக்குள் மாதக்கணக்கில் கிடந்தவர், சரி, மனவடு, உளநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக்கொடு, முடிந்தது கதை. எலும்பு என்று சொல்லி அனுப்புவதும் யுத்தம் என்று சொல்லி அனுப்புவதும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. இரண்டிலும் அந்த ஆளைக் கேட்கவில்லை.

யுத்தத்தின் பங்கு இல்லை என்று சொல்லவரவில்லை. யாழ் மாவட்டத்தில் 2009 இல் எடுத்து 2011 இல் வெளியான கணக்கெடுப்பில் 7 வீதமானோருக்கு நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோயும், 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பும், 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வும் காணப்பட்டன. உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னியைப் பற்றி எழுதியபோது, தனி ஆட்களுக்கு மேலாகக் குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்டதைப் பேசினார். அயலட்டை, கோயில், தொழில் என்று ஆளைத் தாங்கிப் பிடித்தவையே உடைந்த இடத்தில் நோவுக்கு மட்டும் தனியாக ஒரு மருந்து தேடமுடியாது. ஆனால் இதெல்லாம் ஒவ்வொரு நோயாளியிடமும் வேறு வேறு விதமாக வேலை செய்யும். கேட்காமல் தெரியாது.

கேட்பது என்றால் எப்படி? விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவரை உதாரணத்துக்கு எடுப்போம். வயது நாற்பத்தைந்து தாண்டியிருக்கும், கணவர் இல்லை, கச்சான் பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர். ஒரு சொப்பிங் பையில் கிளினிக் கொப்பியும் இரண்டு எக்ஸ்ரேயும். வழமையான முறை இது: "எங்க நோகுது?" என்று ஒரு கேள்வி, குப்புறப் படுக்கவைத்துப் பத்து நிமிடம் சூடு, போட்டோக்கொப்பி எடுத்த பயிற்சித் தாள், "குனியாதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ, ஓய்வெடுங்கோ." அந்த அம்மா வீட்டுக்குப் போய்ப் பின்னேரமே தண்ணீர் வாளி தூக்குவார், வேறு யார் தூக்குவது. முன்பு நோவோடு மட்டும் தூக்கினார், இனி ஒவ்வொரு தூக்குக்கும் எலும்பு தேய்கிறது என்ற பயத்தோடும் தூக்குவார்.

இனி மற்ற முறை. பிசியோ கதிரையை மேசைக்கு அங்கால் வைக்காமல் பக்கத்தில் இழுத்துப் போடுகிறார். "அக்கா, இந்த நோ எப்பிடித் தொடங்கினது, இண்டைக்கு வரைக்கும் என்ன நடந்ததெண்டு நீங்களே சொல்லுங்கோ." பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும். பயிற்சியில் ஆட்கள் தடுமாறுவது இங்கேதான், அரை நிமிடம்கூடக் குறுக்கிடாமல் இருக்க வருவதில்லை. கதை ஓய்ந்ததும், "இந்த நோவால என்ன நடந்திடுமெண்டு பயப்படுறீங்கள்?" "படுக்கையில விழுந்திடுவன் பிள்ளை. அப்ப இதுகள ஆர் பாக்கிறது?" எந்த எக்ஸ்ரேயிலும் இல்லாத தகவல் இது. சிகிச்சை இதைச் சுற்றித்தான் நடக்கவேண்டும்.

அப்புறம் எழும்பி ஒரு வாளியை எடுத்துக் காட்டச் சொல்கிறார். அம்மா மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, முதுகைப் பலகைபோல வைத்துக்கொண்டு, ஒரு கையை நாரியில் ஊன்றிக் குனிகிறார். நோகிறது. "இப்ப மூச்சை விட்டுக்கொண்டு, முதுகைத் தளர விட்டு, முழங்காலையும் மடிச்சு எடுங்கோ." மூன்றாம் நான்காம் தரம் நோ கொஞ்சம் குறைகிறது. எல்லோருக்கும் முதல் நாளே குறையாது, குறையாவிட்டால் வேறு வழி தேடவேண்டும். குறைந்தால் அதற்கு ஒரு மணிநேர விரிவுரையும் ஈடாகாது, ஏனென்றால் குனிந்தால் முறியாது என்பதை அவருடைய உடம்பே அவருக்குச் சொல்லிவிட்டது. பிறகு கச்சான் காலத்துக் கணக்கு: சுகமாக இருக்கிற நாளில் இருட்டும்வரை பிடுங்கிவிட்டு அடுத்த இரண்டு நாள் எழும்பாமல் கிடப்பதா, நோ இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும் ஒரேயளவு செய்து, இடையில் நிமிர்ந்து நடந்து, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுவதா? நாட்கூலிக்காரருக்கு இது முழுதாக அவர் கையில் இல்லை. தோட்டக்காரர் என்ன சொல்வார், நுண்கடன்காரன் எந்தக் கிழமை வருவான், மூத்த பிள்ளை பின்னேரம் தண்ணீர் எடுக்குமா என்பதையும் சேர்த்துத்தான் திட்டம் போடவேண்டும். உடல், உளம், சமூகம் என்று பெரிதாகச் சொல்வது கடைசியில் இந்த அளவு சின்ன விஷயமாகத்தான் வந்து நிற்கிறது.

வன்னிக்கென்று இரண்டு விஷயம் தனியாகப் பேசவேண்டும். ஒன்று செல் துண்டு, அதாவது எறிகணைச் சிதறல். உடம்புக்குள் துண்டோடு வாழ்கிற ஆட்கள் இங்கே நிறைய. எடுப்பதில் ஆபத்துக் கூட என்றால் வைத்தியர்கள் உள்ளேயே விட்டுவிடுவார்கள், அது சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளியை ஒருதரம் கண்டவருக்குப் பிறகு எந்தக் குத்தும் உளைவும் "துண்டு நகருது" என்றுதான் படும். பிசியோ இதில் இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடாது. துண்டு நரம்புக்குப் பக்கத்தில் இருந்து உண்மையாகவே நோவைக் கொடுக்கலாம், கைகால் புதிதாகப் பலமிழந்தாலோ விறைப்புப் பரவினாலோ உடனே வைத்தியரிடம் அனுப்பவேண்டும். துண்டு இருக்கிறபடியே இருக்க, நோ குறைந்து வேலை செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். உலோகத் துண்டு இருக்கிறவரை எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பமுன் அதைக் கட்டாயம் தெரிவிக்கவேண்டும், காந்தம் அதை அசைக்கலாம்.

மற்றது கால் இழந்தவர்களின் இல்லாத கால் நோ. இல்லாத பாதத்தின் விரல் எரிகிறது, சுருண்டு இழுக்கிறது என்று சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று வருடக்கணக்கில் மறைத்தவர்கள் இருப்பார்கள். இது மூளையிலும் நரம்பிலும் நடக்கிற உண்மையான நோ. 1990களில் வி. எஸ். ராமச்சந்திரன் அறிமுகப்படுத்திய கண்ணாடிச் சிகிச்சையில், இருக்கிற காலை அசைத்து அதன் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் பார்க்கவைக்கிறார்கள். சிலருக்கு நன்றாகக் கேட்கும், எல்லோருக்கும் இல்லை. ஒரு நிலைக்கண்ணாடி இருந்தால் போதும். செயற்கைக் கால் பொருத்திவிட்டு அனுப்புகிற இடங்களில் இந்த நோவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலே பாதிப் பாரம் இறங்கும்.

இப்போது பயிற்சிக்கு வருவோம். நமக்குப் பழகின பயிற்சி எப்படியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்: ஒரு ஹோட்டல் மண்டபம், இரண்டு நாள், கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வந்த வளவாளர், பவர்பொயின்ட், மத்தியானம் புரியாணி, பின்னேரம் சான்றிதழும் குழுப்படமும். அறிவு கூடும், மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை அறைக்குள் முதல் நோயாளி வந்ததும் கை தானாக டென்ஸ் மெஷினுக்குப் போகும்.

ஆய்வுகளும் இதற்கு ஒத்துப்போகின்றன. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகக்காரர் 2011 இல் வெளியிட்ட பரிசோதனையில் 851 நாரி நோ நோயாளிகளை ஒன்பது கேள்விகளால் மூன்று தரமாகப் பிரித்து, நோ நீடிக்கிற ஆபத்துக் கூடிய தரத்தினரை உளவியல் அணுகுமுறையில் விசேடமாகப் பயிற்றப்பட்ட பிசியோக்களிடம் கொடுத்தார்கள், பலன் கிடைத்தது. அதே முறையை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆரம்ப மருத்துவக் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்துப் புகுத்திப் பார்த்ததில், 2018 இல் வந்த முடிவின்படி, நோயாளிகளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. வினாத்தாளும் கருவியும் ஒன்று, பழக்கம் மாறவில்லை.

அவுஸ்திரேலியாவில் பீட்டர் ஓ'சலிவன் குழுவினர் செய்தது வேறு மாதிரி. மேலே அம்மாவை வாளி தூக்கவைத்தேனே, அது அவர்களுடைய முறையைத் தழுவியதுதான். 492 பேரை வைத்து நடத்திய பரிசோதனையின் முடிவு 2023 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அதிகபட்சம் ஏழு சந்திப்பு, பிறகு ஒரு மீள்சந்திப்பு. அவ்வளவில் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நின்றது. இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப்பேருக்கு அசைவை அளக்கிற நவீன சென்சர் காட்டுகிறதையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்தார்கள், அதனால் மேலதிகப் பலன் ஒன்றும் இல்லை, மெஷின் மோகத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. கவனிக்கவேண்டியது அந்தப் பிசியோக்களுக்குக் கொடுத்த பயிற்சி: ஏறத்தாழ 80 மணிநேரம், உண்மையான நோயாளிகளோடு, யாரோ பார்த்துத் திருத்தத் திருத்த. இரண்டு நாள் மண்டபத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

2015 இல் வந்த இன்னொரு ஆய்வுத்தொகுப்பு பிசியோக்களையே கேட்டவர்களின் முடிவுகளைச் சேர்த்தது. உளச் சமூகக் காரணங்கள் இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது, ஆனால் தொடத் தயக்கம், இது என் வேலையா என்ற சந்தேகம், படிக்கும்போது யாரும் பழக்கவில்லை என்ற குறை. சிலர் அப்படியான நோயாளிகளைக் கஷ்டமான ஆட்கள் என்றே ஒதுக்கினார்கள். வெளிநாட்டுப் பிசியோக்களே இப்படியென்றால், பேராதனையிலோ கொழும்பிலோ ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் துணுக்காய்க்கோ மாங்குளத்துக்கோ வருகிறவர் திணறுவது அவருடைய பிழையில்லை. நோவைப் பற்றிய விளக்கம் முழுக்க அவருக்குப் பாடநூல் மொழியில்தான் இருக்கும். அதை நோயாளிக்குச் சொல்ல வாயில் வசனம் வேண்டும், அந்த வசனங்களை உட்கார்ந்து உருவாக்கி, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் பிசியோவாகவும் நடித்து, பிழைத்துப் பிழைத்துத்தான் பழகலாம். நேபாளத்தில் நோ பற்றிய கல்வியை உள்ளூர் மொழிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றிச் சிறு பரிசோதனை செய்தார்கள், செய்யக்கூடிய காரியம்தான் என்று தெரிந்தது. நேபாளம் நமக்கு அவ்வளவு தூரத்து முன்மாதிரியும் இல்லை.

வன்னியில் இந்தப் பயிற்சி கொடுப்பவர் தவறவிடக்கூடாத ஒன்று, யுத்தக் கதை திறந்தால் என்ன செய்வது என்பது. பிசியோக்கள் பயப்படுவது இதற்குத்தான்: "கேட்டால் அழுவா, அழுதால் நான் என்ன செய்ய?" அழுதால் பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். தோண்டவேண்டாம், விபரம் கேட்கவேண்டாம், ஆறுதலுக்கு அவசரப்படவேண்டாம். ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் கொட்டவைக்கிற முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. கவனித்துப் பார், கேள், உரிய ஆளோடு இணை என்ற உளவியல் முதலுதவி அளவுக்குப் பிசியோ பழகினால் போதும். சாகவேண்டும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் மட்டும் அன்றைக்கே, கையோடு, உளநலப் பிரிவுக்குக் கூட்டிப்போகவேண்டும், துண்டு எழுதி அனுப்பிவிட்டு இருக்கக்கூடாது.

இன்னொன்று அந்தரங்கம். ஒரு திரைச்சீலைக்கு அங்கால் மூன்று கட்டில், வாசலில் வாங்கில் நிறைய ஆட்கள், இதில் காயம் எப்படி வந்தது என்று உரக்கக் கேட்டால் யார் சொல்வார்? முன்னாள் போராளி ஒருவருக்கு அந்தக் கேள்வியே விசாரணைபோல இருக்கும். சிகிச்சைக்கு எந்த இடம், எந்த நரம்பு, எவ்வளவு காலம் என்பது போதும். எங்கே, எந்தப் பக்கம் நின்று காயப்பட்டார் என்பது வேண்டியதில்லை, கொப்பியிலும் எழுதவேண்டியதில்லை.

உளம், சமூகம் என்று போகிற வேகத்தில் உடலை விட்டுவிடவும் கூடாது. இரவில் கூடுகிற நோ, காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, முன்பு புற்றுநோய் அல்லது காசநோய் இருந்தது, மூத்திரம் கட்டுப்படாதது, கவட்டையும் ஆசனப் பகுதியும் விறைத்துப்போவது எல்லாம் அபாய அறிகுறிகள். முதுகெலும்புக் காசநோயைக் கவலையால் வந்த நோ என்று விட்டால் பிறகு மன்னிப்பே இல்லை.

கடைசியாக நிர்வாகப் பக்கம், சலிப்பான பகுதிதான், ஆனால் முழுத் திட்டமும் விழுவது இங்கே. அரச சேவையில் இடமாற்றம் வரும், பயின்றவர் போவார். ஆகவே ஒருவரைத் தெரிந்து அனுப்பாமல் ஒரு வைத்தியசாலையின் பிசியோக்களை ஒன்றாக, ஆறு மாதமாவது, கிழமைக்கொரு தரம் ஒரு நோயாளியை எல்லோரும் சேர்ந்து பார்த்துப் பேசுகிற மாதிரி நடத்தவேண்டும். தூரத்திலிருக்கிற வழிகாட்டி சூமில் வந்தாலும் போதும், நோயாளி சம்மதித்தால் பேச்சைப் பதிவுசெய்து பார்க்கலாம். ஓபிடி வைத்தியர்களும் உளவளத்துணையாளரும் பிரதேச செயலகத்து சமூக சேவை உத்தியோகத்தரும் இடைக்கிடை அதில் இருக்கவேண்டும், ஏனென்றால் பிசியோ ஒரு மாதம் பேசி எடுத்த பயத்தை "எலும்பு தேய்வு, பாரம் தூக்கக்கூடாது" என்று கொப்பியில் எழுதுகிற ஒரு வரி திருப்பிக் கொண்டுவந்துவிடும். முதல் சந்திப்புக்கு முக்கால் மணிநேரம் ஒதுக்கினால் அன்றைக்குப் பார்க்கிற ஆட்களின் தொகை குறையும், அதை மேலிடம் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்த்தாய் என்று மட்டும் கேட்கப்படுகிற பிசியோ, எவ்வளவு பயிற்சி பெற்றிருந்தாலும், கடைசியில் கட்டிலுக்கொரு மெஷினைப் பூட்டிவிட்டு அடுத்தவரின் பெயரைத்தான் கூப்பிடுவார்.